பெங்களூர் ஏர்போர்ட் பக்கத்துல ரூம் போடுறதுக்கு முன்னாடி: கண்ணுக்குத் தெரியாத செலவைக் கணக்கு பண்றது எப்படி

மாசத்துக்கு ஒருத்தராவது ஊர்லேருந்து போன் பண்ணுவாங்க, "தம்பி, காலைல அஞ்சே முக்காலுக்கு ஃப்ளைட்டு, ஏர்போர்ட் பக்கத்துல சீப்பா ஒரு ரூம் பாத்துக் குடுப்பா"ன்னு. ஆப்ல 3,200ன்னு காட்டும், அவங்களும் 3,200 தான் செலவுன்னு நெனச்சுட்டு வருவாங்க, திரும்பிப் போகும்போது பாத்தா கைலேருந்து நாலரையாயிரம் போயிருக்கும், எங்க போச்சுன்னே தெரியாது. எனக்கும் ரெண்டு மூணு தடவை இப்படி ஆச்சு. எந்த வரிசைல பாக்கணும்ங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு, அதனால கீழ இருக்கற நம்பர் வரிசையிலயே போங்க. முக்கால்வாசி பேர் விலையைத்தான் முதல்ல பாப்பாங்க, இதுல அது அஞ்சாவதாதான் வருது.

0. உக்காரும்போது பக்கத்துல வெச்சுக்க வேண்டியது

டிக்கெட். அதுல எந்த டெர்மினல்னு பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. வெளிநாட்டு ஃப்ளைட்னா டெர்மினல் 2. உள்நாட்டு ஃப்ளைட் ரெண்டு டெர்மினல்லயும் பிரிஞ்சு கிடக்கு, போன தடவை டெர்மினல் 1ல ஏறினோம்னு இந்த தடவையும் அங்கயே போய் நிக்காதீங்க.

மேப், கால்குலேட்டர், அப்புறம் ஹோட்டலோட நேரடி போன் நம்பர். புக்கிங் ஆப்போட கஸ்டமர் கேர் நம்பர் இல்ல, ரிசப்ஷன்ல மணி அடிக்கற நம்பர். இது ஏன் வேணும்னு நாலாவது ஸ்டெப்ல புரியும்.

ஃப்ளைட் லேட்டாயிதான் ரூம் தேடுறீங்கன்னா இங்கயே நில்லுங்க, முதல்ல ஏர்லைன் கவுண்டருக்குப் போங்க. விமானப் போக்குவரத்தைக் கவனிக்கற டிஜிசிஏவோட விதிப்படி 24 மணி நேரத்துக்கு மேல லேட்டானாலோ, ராத்திரி 8 மணிலேருந்து விடிகாலை 3 மணிக்குள்ள கெளம்ப வேண்டிய ஃப்ளைட் 6 மணி நேரத்துக்கு மேல தள்ளிப் போனாலோ ஏர்லைன்தான் ரூம் போட்டுத் தரணும். மழை, பனிமூட்டம் மாதிரி அவங்க கைல இல்லாத காரணம் சொன்னா கதை மாறலாம், ஆனா கேக்காம நாமளே கைக்காசு போட்டு ரூம் எடுக்கறதுதான் பெரிய தப்பு.

1. ரூம் வேணுமா வேண்டாமான்னு தூக்கத்த வெச்சு முடிவு பண்ணுங்க

நாம காசு குடுக்கறது ஏசிக்கும் டிவிக்கும் இல்ல, தூக்கத்துக்கு. அதனால எத்தன மணி நேரம் கூடுதலா தூங்குவீங்கன்னு முதல்ல போட்டுப் பாருங்க.

ஒரு உதாரணம் போடுறேன். எலக்ட்ரானிக் சிட்டில இருக்கற புருஷன் பொண்டாட்டி, காலைல 5:50 ஃப்ளைட். உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு பேக் போடுற கவுண்டர் பொதுவா ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிருவாங்க, அப்ப 4 மணிக்காவது டெர்மினல் வாசல்ல இருக்கணும். வீட்லேருந்து 55 கிலோமீட்டர் இருக்கும், ஆனா ராத்திரி ரெண்டரைக்குக் கெளம்பினா எப்பவும் ட்ராஃபிக்ல நிக்கற சில்க் போர்டு ஜங்ஷன் காலியா கிடக்கும், ஒன்னேகால் ஒன்றரை மணில போயிரலாம். ஒன்னே முக்காலுக்கு எந்திரிச்சா போதும். ஒன்பதரைக்குப் படுத்தா நாலேகால் மணி நேரத் தூக்கம், வண்டில கண்ணசர்றது தனி.

இப்ப ரூம் போட்டா? சாயங்காலம் ஆறு மணிக்குக் கெளம்புறீங்க, அது ஆபீஸ் விடுற நேரம், ஹெப்பால் ஃப்ளைஓவர் தாண்டுறதுக்குள்ள உயிர் போயிரும், ஹோட்டலுக்குப் போய் சேரவே எட்டரை ஒம்பது. சாப்ட்டு, புது இடத்துல பொரண்டு பொரண்டு படுத்து, கண்ணு மூட பத்தே முக்கால். காலைல 3:15க்கு எந்திரிக்கணும். நாலரை மணி நேரம். அதாவது கால் மணி நேரத் தூக்கம் கூட கெடைக்கறதுக்குத்தான் அத்தன காசும்.

இதுல நெறய பேர் கவனிக்காதது, ஏர்போர்ட் வரைக்கும் வர்ற கேப் காசு ரெண்டு வழியிலயும் உண்டு. ரூம் போட்டா கேப் மிச்சம்னு நெனைக்கறாங்க, மிச்சமே இல்ல, ஹோட்டல்லேருந்து டெர்மினலுக்கு இன்னொரு வண்டி கூடத்தான் சேருது. சாயங்காலம் ஆப்ல சர்ஜ் வேற இருக்கும், அதாவது கூட்ட நேரத்துக்கு ஏத்தற ரேட்டு.

என்னைக் கேட்டா சிட்டிக்குள்ள வீடு இருக்கறவங்களுக்கு உள்நாட்டு ஃப்ளைட்டுக்கு ரூம் தேவையே இல்ல. தர்மபுரி, சேலம், வேலூர் பக்கத்துலேருந்து வர்றவங்க, கைக்குழந்தையோ வயசானவங்களோ கூட இருக்கறவங்க, நடு ராத்திரி எறங்கி மறுநாள் மதியம் வேற ஃப்ளைட் புடிக்கறவங்க, இவங்களுக்கு ரூம் போடுறது நியாயம்தான். உங்களுக்கு ரெண்டு மணி நேரமாச்சும் கூடுதலா தூக்கம் கெடைக்கும்னா அடுத்த ஸ்டெப்புக்கு வாங்க.

2. தேதி. இங்கதான் எல்லாரும் விழுறாங்க

எங்க மாமா, தர்மபுரி, துபாய்லேருந்து திரும்பி வர்றாரு. டிக்கெட்ல எறங்கற நேரம் 16ஆம் தேதி ராத்திரி 12:50ன்னு இருந்துச்சு. அத்தை ஆப்ல 16ஆம் தேதி செக் இன்னு போட்டு புக் பண்ணிட்டாங்க, பாக்கறதுக்கு சரியாத்தான் தெரியும். ராத்திரி ரெண்டே கால் மணிக்கு பெட்டிகளோட போய் நின்னா ரிசப்ஷன் பையன் கம்ப்யூட்டர திருப்பிக் காட்டுறான், "சார், உங்க புக்கிங் இன்னைக்கு மதியம் ரெண்டு மணிலேருந்து". பன்னெண்டு மணி நேரம் இருக்கு. எனக்கு போன் வந்துச்சு, "டேய், என்னடா இது, பணம் கட்டியாச்சே"ன்னு. கடைசில அந்த ராத்திரிக்கும் ஒரு நாள் வாடகை கட்டித்தான் மாமா படுத்தாரு. ஒரு ரூமுக்கு ரெண்டு நாள் காசு.

காரணம் சிம்பிள். ஹோட்டல் நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாறாது, மதியம் பன்னெண்டுக்கோ ரெண்டுக்கோதான் மாறும். 16ஆம் தேதி விடிகாலை எறங்கறவங்க 15ஆம் தேதி செக் இன், 16 செக் அவுட்னுதான் போடணும்.

அப்படிப் போட்டாலும் வேலை முடியல. ஹோட்டலுக்குச் சொல்லாம இருந்தா ராத்திரி பத்து பதினொன்னு வரைக்கும் பாத்துட்டு ஆள் வரலன்னு நோ ஷோ போட்டு ரூம வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. "விடிகாலை ரெண்டு மணிக்கு வருவேன், ரூம் வெச்சிருங்க"ன்னு போன்ல சொல்லி, அதையே மெசேஜாவும் அனுப்பி வெச்சுக்கங்க.

கெளம்பும்போதும் இதே குழப்பம் தலைகீழா வரும். 16ஆம் தேதி விடிகாலை 2:30க்கு வெளிநாட்டு ஃப்ளைட்னா மூணு மணி நேரம் முன்னாடி, அதாவது 15ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கே டெர்மினல்ல இருக்கணும். 15 ராத்திரிக்கு ரூம் போட்டு ராத்திரி பதினோரு மணிக்குக் காலி பண்றதுல என்ன தூக்கம் வரப்போகுது. இதுக்கு பகல் நேர ரூமோ மணிக்கணக்குல குடுக்கற ரூமோ பாருங்க, வாடகை கம்மியா வரும். டெர்மினலுக்குள்ளயே மணிக்கணக்குல குடுக்கற ட்ரான்சிட் ஹோட்டல் இருக்கு, ஆனா அது செக்யூரிட்டி தாண்டி உள்ளயா வெளியவான்னு கேட்டுட்டுத்தான் காசு கட்டணும். உள்ளன்னா போர்டிங் பாஸ் இல்லாம போக முடியாது, பெரிய பெட்டிய ஏர்லைன்காரங்க அவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கவும் மாட்டாங்க.

3. "ஏர்போர்ட் பக்கம்"னா எந்தப் பக்கம்னு மேப்ல பாருங்க

ஹோட்டல் பேர்ல ஏர்போர்ட்னு இருந்தா நம்பாதீங்க. முக்கியமா ஓல்ட் ஏர்போர்ட் ரோடு. 2008 மே மாசம் தேவனஹள்ளில புது ஏர்போர்ட் தொறக்கற வரைக்கும் ஹெச்ஏஎல் ஏர்போர்ட்லதான் ஃப்ளைட் எறங்கிட்டு இருந்துச்சு, அது போயி இத்தன வருஷம் ஆனாலும் தொம்லூர்லேருந்து மாரத்தஹள்ளி போற ரோட்டுக்கு இன்னும் அந்தப் பேர்தான். எங்க சித்தப்பா முருகேஷ்பாளையா பக்கத்துல ரூம் போட்டுட்டு "நடந்தே போயிரலாம் போலடா"ன்னு சந்தோஷமா சொன்னாரு. அங்கேருந்து ஏர்போர்ட்டுக்கு 35, 40 கிலோமீட்டர்.

ஹெப்பால், எலஹங்கா இதெல்லாமும் "ஏர்போர்ட் அருகில்" லிஸ்ட்லதான் வரும். சாதஹள்ளி, தேவனஹள்ளி பக்கம்னாதான் நெஜமாவே பக்கம்.

ஆப் காட்டுற தூரம் பல நேரம் நேர்கோட்டு தூரம். ரன்வேக்கு அந்தப் பக்கம் ஹோட்டல் இருந்தா நேர்கோட்டுல 4 கிலோமீட்டர்னு காட்டும், சுத்திப் போனா மூணு மடங்கு வரும். மேப்ல டெர்மினல் பேரைப் போட்டு, காலைல நாலு மணிக்குக் கெளம்பற மாதிரி நேரத்த வெச்சு, கார் ரூட் பாருங்க. ஏர்போர்ட்டுக்குப் போற பெல்லாரி ரோட்ல எதிர்ப்பக்கம் ஹோட்டல் இருந்தா யூ டர்ன் எங்கன்னும் பாத்துக்கங்க, அந்த ரோட்ட பெட்டியோட நடந்து தாண்டலாம்னு கனவுல கூட நெனைக்காதீங்க.

டோலையும் மறக்க வேண்டாம். சாதஹள்ளி டோல் கேப் பில்லோட சேந்து வரும். டோல் இல்லாம ஹென்னூர் பாகலூர் வழியா வரலாம்தான், ஆனா உங்க ஹோட்டல் எந்த ரோட்ல இருக்குங்கறதப் பொறுத்து அது சுத்தாவும் ஆகலாம்.

4. ரிசப்ஷனுக்கு போன் போட்டு வண்டியப் பத்திக் கேளுங்க

இந்த ஒரு ஸ்டெப்ப பண்ணாலே போட்ட காசுக்கு மேல மிச்சம் ஆகும். பண்றவங்கதான் கம்மி.

ஏர்போர்ட்லேருந்து கொஞ்ச தூரத்துல இருக்கற ஹோட்டலுக்கு ஆப்ல கேப் போட்டுப் பாருங்க. ட்ரைவர் கியூல ரெண்டு மணி நேரம் காத்துட்டு இருந்திருப்பாரு, சிட்டிக்குள்ள போற பெரிய ட்ரிப் வரும்னு. நீங்க சாதஹள்ளின்னு சொன்னதும் "பரல்லா சார்", அதாவது வர மாட்டேன்னு கன்னடத்துல சொல்லிட்டு கேன்சல். அவரச் சொல்லியும் குத்தம் இல்ல. கடைசில ப்ரீபெய்டு டாக்சிக்குப் போனா சின்ன தூரத்துக்கே பெரிய தொகை சொல்லுவாங்க. அதனால எறங்கி வர்றவங்களுக்கு ஹோட்டல் வண்டி இருக்காங்கறதுதான் முதல் கேள்வி.

வண்டி இருக்குன்னு சொன்னதும் போன வெச்சுராதீங்க. ஃப்ரீயா காசா, காசுன்னா ஆளுக்கா வண்டிக்கா, ஏர்போர்ட் பார்க்கிங் காசு யாரு குடுக்கறது, விடிகாலை எத்தன மணிக்கு வண்டி, எத்தன சீட்டு. ஆளுக்கு 250ன்னா நாலு பேருக்கு ஆயிரம், அதுக்கு கேப்பே தேவலாம்.

நான் ஒரு தடவை ஏமாந்தது சீட்டுலதான். "மணிக்கு ஒரு ஷட்டில் சார், ஃப்ரீ"ன்னாங்க. காலைல நாலு மணிக்கு கீழ வந்தா ஒரு பழைய ஆம்னி வேன், அதுல ஒரு கல்யாண கோஷ்டி பெட்டியும் ஆளுமா ஏறி உக்காந்துட்டு இருக்கு, டிக்கில பொடவை பை பிதுங்கிட்டு நிக்குது. ட்ரைவர் எனக்கு ரெண்டு விரல் காட்டுறாரு, ரெண்டாவது ட்ரிப்ல வான்னு. அஞ்சு மணிக்கா? கவுண்டர் மூடிருமே. வாசல்ல நின்னு ஒரு டாக்சி புடிச்சு அந்த ட்ரைவர் கேட்ட 600ஐக் குடுத்துட்டுப் போனேன். ஃப்ரீ ஷட்டில்! இப்பல்லாம் செக் இன் பண்ணும்போதே ரெஜிஸ்டர்ல பேர், நேரம், சீட்டு எண்ணிக்கை எழுதச் சொல்லி கண்ணால பாத்துட்டுத்தான் மேல போறது.

சிட்டிலேருந்து ஹோட்டலுக்கு வரும்போது பிஎம்டிசியோட வாயு வஜ்ரா பஸ்ஸ யோசிங்க. எலக்ட்ரானிக் சிட்டிலேருந்து கேஐஏ-8, மெஜஸ்டிக்லேருந்து கேஐஏ-9, கேப் காசுல சின்னப் பங்குதான் ஆகும். மெட்ரோவ நம்பி பிளான் போடாதீங்க, ஏர்போர்ட் லைன் வேலை இன்னும் நடந்துட்டுத்தான் இருக்கு.

5. இப்ப விலையைப் பாருங்க, கடைசி ஸ்க்ரீன் வரைக்கும் போயி

லிஸ்ட்ல காட்டுற விலை வரி இல்லாம. பணம் கட்டுற ஸ்க்ரீனுக்கு முந்தின ஸ்க்ரீன் வரைக்கும் போய் அங்க இருக்கற தொகையத்தான் எழுதிக்கணும். ரெண்டு ஹோட்டல ஒப்பிடும்போது ஒன்ன வரியோடவும் இன்னொன்ன வரி இல்லாமயும் வெச்சுப் பாக்கறது ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு.

ஜிஎஸ்டில ஒரு பள்ளம் இருக்கு. 2025 செப்டம்பர் 22லேருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதுக்கு மேல போனா 18 சதவீதம். மேல போன தொகைக்கு மட்டும் இல்ல, மொத்தத்துக்கும் 18. 7,400 ரூபா ரூம் வரியோட 7,770. 7,600 ரூபா ரூம் 8,968. வாடகைல 200 தான் வித்தியாசம், பில்லுல 1,198. ஏர்போர்ட் பக்கம் நல்ல ஹோட்டலெல்லாம் இந்தக் கோட்டு கிட்டயேதான் நிக்கும். எக்ஸ்ட்ரா பெட் காசும் ரூம் மதிப்போடதான் சேரும், அதனால 6,900க்கு ரூம் போட்டுட்டு பையனுக்கு ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பெட் கேட்டா கோட்டைத் தாண்டிருவீங்க. பையனுக்குப் பெட் வேணுமா, போர்வையும் தலகாணியும் போதுமான்னு முன்னாடியே முடிவு பண்ணிக்கங்க.

கேன்சல் பண்ற விதி ஏர்போர்ட் ரூமுக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா ஃப்ளைட் நேரம் மாறினா ரூமும் மாறணும். ரீஃபண்ட் இல்லாத ரேட்ல 300 ரூபா கம்மியா இருக்கும், நான் அதைத் தொடுறதே இல்ல.

6. சாப்பாடும் தண்ணியும்

காலை டிபனோட ரூம் போடாதீங்க. பஃபே பெரும்பாலும் ஆறரை ஏழுக்குத்தான் தொறப்பாங்க, உங்க ஃப்ளைட்டு அஞ்சு அம்பதுக்கு, அப்ப யாருக்கு இட்லி? ஏற்கனவே டிபனோட புக் பண்ணிருந்தா ராத்திரியே பார்சல் கட்டித் தரச் சொல்லுங்க. வெறும் பிரெட்டும் வாழைப்பழமும்தான் வரும், வந்த வரைக்கும் லாபம்.

ராத்திரிச் சாப்பாடு ரூம் சர்வீஸ்ல சொல்லாம வழில சாப்ட்டுட்டு வாங்க, இல்ல வீட்லேருந்து புளியோதரை கட்டிட்டு வாங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல. சின்ன ஹோட்டல் ரெஸ்டாரண்ட்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், ஆனா 7,500க்கு மேல ரூம் விக்கற ஹோட்டல்ல சாப்பாட்டுக்கும் 18. நீங்க சீப் ரூம்லயே தங்கினாலும் சாப்பாட்டு வரி அந்த ஹோட்டலப் பொறுத்துதான்.

தண்ணி பாட்டில் எது ஃப்ரீ எது காசுன்னு தொறக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. எம்ஆர்பிக்கு மேல ஏன் போட்டீங்கன்னு சண்டை போட முடியாது, ஹோட்டல் ரெஸ்டாரண்ட்ல எம்ஆர்பிக்கு மேல விக்கலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சு. காலி பாட்டில் ஒன்னு கொண்டு வாங்க.

7. செக் இன் கவுண்டர்ல

ஒரிஜினல் ஐடி எல்லாரோடதும் வேணும், ஒருத்தரோடது மட்டும் போதாது. ஆதார்ல பெங்களூர் அட்ரஸ் இருந்தா சில ஹோட்டல்ல லோக்கல் ஐடிக்கு ரூம் இல்லம்பாங்க, புக்கிங் பணமும் சிக்கிக்கும். ஆப்ல விதிகள் பகுதில சின்ன எழுத்துல இருக்கும், அதையும் போன் போடும்போதே கேட்டுருங்க.

டெபாசிட் கேட்டா கிரெடிட் கார்ட் குடுங்க. கிரெடிட் கார்ட்ல லிமிட்ட மட்டும் கொஞ்ச நாள் புடிச்சு வெப்பாங்க, டெபிட் கார்ட்ல நெஜப் பணமே நிக்கும், திரும்பி வர நாளாகும். யூபிஐல வாங்கினா "டெபாசிட்"னு எழுதி ரசீது வாங்கிக்கங்க.

8. மொத்தம் போட்டு ஒரு தடவை பாருங்க, அப்புறம் புக் பட்டன

அதே எலக்ட்ரானிக் சிட்டி ஜோடிக்கு நான் போட்டுக் குடுத்த கணக்கு இது. ரூம் 3,200, ஜிஎஸ்டி 160, ராத்திரிச் சாப்பாடு 680, ஷட்டில் ரெண்டு பேருக்கு 500, தண்ணி 80. ஆக 4,620. கேப் ரெண்டு பக்கமும் பொதுங்கறதால சேக்கல. கெடைக்கற கூடுதல் தூக்கம் கால் மணி நேரம். அந்தப் பொண்ணு கேட்டுட்டு, "அண்ணா, இதுக்கு நான் மறுநாள் லீவே போட்டுத் தூங்கிருவேனே"ன்னு சொல்லுச்சு. ரூம் போடல.

மாமாவுக்கு இதே கணக்கு வேற மாதிரி வந்துச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு தர்மபுரிக்குத் தனி வண்டி, அதுவும் தூக்கக் கலக்கத்துல ஓட்டுற ட்ரைவரோட, அதுக்கு 3,500 ரூபா ரூம் ரொம்பவே தேவல. சரியான தேதில போட்டிருந்தா.

9. காலி பண்ணும்போது

பில்ல ராத்திரியே முடிச்சுருங்க. காலைல மூணரைக்கு கவுண்டர்ல ஒரே ஆள் அரைத் தூக்கத்துல இருப்பாரு, நீங்களும் பறந்துட்டு இருப்பீங்க, அந்த அவசரத்துலதான் நீங்க குடிக்காத காபியும் துவைக்காத துணியும் பில்லுல வரும்.

பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு ஒரு லைன் இருந்தா எடுக்கச் சொல்லுங்க. அத தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலைலயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருக்கு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அதை உறுதி பண்ணிருச்சு. அது ஜிஎஸ்டி மாதிரி கட்டாயம்னு சொன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணட்டுமான்னு கேளுங்க, பெரும்பாலும் அதுக்குள்ளயே புது பில் பிரிண்ட் ஆயிரும்.

டெபாசிட்ட அங்கயே ரிலீஸ் பண்ணச் சொல்லி மெசேஜ் வந்ததப் பாத்துட்டு சாவியக் குடுங்க. சார்ஜர் கட்டிலுக்குப் பின்னாடி பிளக்லயே இருக்கும், ஒரு தடவை எட்டிப் பாத்துருங்க.